சொல்லும் மொழியும்: திருக்கோயில் காட்டும் உண்மை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருநாட்காலங்களில் திருக்கோயிலை நாடி வரும் சேவார்த்திகளுக்குக் கண்ணுக்கு இனிய காட்சிகள் எத்தனையோ உண்டு. வாஹனங்களையும் சாற்றுப்படிகளையும் திருத்தேரையும் கண்டு மகிழ்ந்து, பிறவிப்பயன் பெற்றோம் என்ற நிறைவோடு அவர்கள் ஊர் திரும்புகின்றனர். அதே வேளையில் அவர்களுடைய செவிக்கும் ஒரு விருந்து இடையறாது நடந்துகொண்டிருக்கிறது. 'பெருமாள் எழுந்தருளுகிறார்', 'திருமஞ்சனம் கண்டருளினார்', 'தளிகை அமுது செய்தருளப் பண்ணியாயிற்று', 'தீர்த்தம் ஸாதிக்கிறார்கள்', 'சாற்றுமுறை ஆயிற்று' என்று அர்ச்சகர்களும் அத்யாபகர்களும் கைங்கர்யபரர்களும் சொல்லும் சொற்களே அவ்விருந்து. கூட்ட நெரிசலில் இச்சொற்கள் காதில் விழுந்தும் கருத்தில் நில்லாமல் போவதுண்டு.

இச்சொற்களுள் ஒன்றைத் தனியே எடுத்து அகராதியில் தேடினால் ஒரு பொருள் கிடைக்கும். ஆனால் அந்தப் பொருளை மட்டும் கொண்டு திருக்கோயிலில் அச்சொல் என்ன சொல்கிறது என்பதை அறிய முடியாது. ஏன் அப்படி? சொல் என்பது தனக்குரிய பொருளைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொண்டு தனித்து நிற்பதா? அல்லது உடலில் உறுப்புப் போல மொழி என்னும் முழுமையில் பொருந்தி நின்றே பொருள் தருவதா? இலக்கண நூலாரும் மீமாம்ஸகரும் வேதாந்திகளும் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்த வினா இது. வெறும் புலமை விளையாட்டாக அவர்கள் இதை ஆராயவில்லை. எம்பெருமானைப் பற்றிப் பேசும் சொற்கள் உண்மையிலேயே அவனைத் தெரிவிக்கின்றனவா என்ற பெரும் வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

இலக்கணம் காட்டும் வழி

தொல்காப்பியச் சொல்லதிகாரம் 9 இயல்களை உடையது. பெயர், வினை, இடை, உரி என்னும் நால்வகைச் சொற்களைத் தனித்தனியே விளக்கும் இயல்கள் 5-ஆம் இயலாகிய பெயரியல் தொடங்கி வருகின்றன. முதலியலாகிய கிளவியாக்கமோ, சொற்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்தித் தொடராகின்றன என்பதைப் பேசுகிறது. உயர்திணைப் பெயர் எந்த வினைமுடிபைக் கொள்ளும், ஒருமைக்கு எது பொருந்தும், பன்மைக்கு எது பொருந்தும் என்ற விதிகளே அங்கு முன்னே நிற்கின்றன. தொடரில் சொல் எவ்வாறு நடக்கிறது என்பதை முதலில் காட்டிவிட்டு, அதன்பின் சொல்லின் வகைகளைக் காட்டுகின்ற இவ்வைப்புமுறை எண்ணத்தக்கது.

இடைச்சொற்களை நோக்கினால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். 'ஏ', 'உம்', 'ஓ' முதலியவை தனித்து நின்றால் எதையும் சொல்லா. 'எம்பெருமான் காப்பான்' என்பதற்கும் 'எம்பெருமானே காப்பான்' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஓர் ஏகாரம். அந்த ஓர் எழுத்தினுள் சரணாகதி சாஸ்திரத்தின் ஸாரமே அடங்கியிருக்கிறது எனலாம். ஆயின் அந்த ஏகாரத்தைத் தொடரிலிருந்து பிரித்துத் தனியே வைத்தால் அதனிடம் ஒன்றுமில்லை.

சொற்கள் கூடிப் பொருள் தருவதற்கு மூன்று வேண்டும் என்பர் உரையாசிரியர். ஒரு சொல் மற்றொன்றை வேண்டி நிற்பது அவாய்நிலை. பொருளளவில் இரண்டும் இசைவது தகுதி. இரண்டும் அருகருகே வருவது அண்மைநிலை. இவற்றையே வடநூலார் ஆகாங்க்ஷை, யோக்யதை, ஸந்நிதி என்பர். 'கருடன் மீது' என்று ஒருவர் சொல்லி நிறுத்தினால் கேட்பவரின் மனம் அடுத்த சொல்லை எதிர்நோக்கித் தவிக்கிறதன்றோ? அத்தவிப்பே அவாய்நிலை. சொல்லுக்குச் சொல் உள்ள உறவு இத்தகையது.

திருத்தேரிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். 'முட்டுக்கட்டை' என்ற சொல் ஊர்வழக்கில் இடையூறு என்ற பொருளில் வழங்குகிறது. தேரோட்டத்திலோ முட்டுக்கட்டை இல்லாமல் தேர் திருவீதியைச் சுற்றி நிலைக்கு வர இயலாது. சக்கரத்தடியில் அதை இட்டே தேரைத் திருப்புவர். அதை இட்டே நிறுத்துவர். ஊர்ப்பேச்சில் தடையாகிய அது, தேர்வீதியில் வழிகாட்டியாகிறது. கட்டை ஒன்றே, சொல்லும் ஒன்றே, அது வழங்கும் இடமே பொருளை மாற்றுகிறது.

மீமாம்ஸகரும் எம்பெருமானாரும்

சொற்பொருளும் தொடர்ப்பொருளும் பற்றி மீமாம்ஸகரிடையே இரண்டு பெரும் கொள்கைகள் எழுந்தன. சொற்கள் முதலில் தத்தம் பொருளைத் தனித்தனியே தெரிவிக்கும், அப்பொருள்கள் பின்னர்க் கூடித் தொடர்ப்பொருள் உண்டாகும் என்பது குமாரில பட்டரைச் சார்ந்தோர் கொள்கை. இதனை அபிஹிதாந்வயம் என்பர். சொல் தொடக்கத்திலேயே பிற சொற்களோடு இயைந்த பொருளையே தெரிவிக்கும் என்பது ப்ரபாகரரைச் சார்ந்தோர் கொள்கை. இதனை அந்விதாபிதானம் என்பர்.

ப்ரபாகரர் மரபினர் தம் கொள்கைக்குக் காட்டும் சான்று குழந்தையாகும். பெரியவர் ஒருவர் இளைஞன் ஒருவனிடம் 'பசுவைக் கொண்டு வா' என்கிறார். அவன் பசுவைக் கொண்டு வருகிறான். பின்னர் 'பசுவைக் கட்டு' என்கிறார், கட்டுகிறான். அதன்பின் 'குதிரையைக் கொண்டு வா' என்கிறார், குதிரை வருகிறது. அருகிலிருந்து பார்க்கும் குழந்தை, தொடர்களில் எச்சொல் நீங்கி எச்சொல் புகுந்தது என்பதையும், அதற்கேற்பச் செயல் எவ்வாறு மாறியது என்பதையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் அறிகிறது. மொழி முழுமையாகவே குழந்தையிடம் வருகிறது. குழந்தையே அதைச் சொற்களாகப் பிரித்துக்கொள்கிறது. இதுவரை இவ்வாதம் அழகியதே.

ஆனால் இதிலிருந்து அவர்கள் மேலும் ஒரு முடிவுக்குச் சென்றனர். ஏவலையும் அதைத் தொடரும் செயலையும் கண்டே சொற்பொருள் அறியப்படுவதால், சொற்கள் யாவும் செய்யத்தக்க காரியம் ஒன்றைச் சார்ந்தே பொருள் தரும் என்றனர். அப்படியாயின் யாகம் செய்க என்று விதிக்கும் வேத வாக்கியங்களே பிரமாணமாகும். பரப்ரஹ்மம் இத்தன்மையது, எல்லையற்ற கல்யாண குணங்களை உடையது என்று ஒரு பொருளை உள்ளபடி உரைக்கும் உபநிஷத்துகள் எதையும் அறிவிக்கும் வலிமையற்றவையாகிவிடும். எம்பெருமானைப் பற்றிச் சொல்லப்படும் சொற்களெல்லாம் பொருளின்றிப் போகும்.

இங்கேதான் எம்பெருமானார் குறுக்கிடுகிறார். ஸ்ரீபாஷ்யத்தில் முதல் ஸூத்ரத்தை விவரிக்குமிடத்தில், குழந்தை சொற்களைக் கற்கும் வேறொரு வழியை அவர் எடுத்துக்காட்டுகிறார். தாயும் தந்தையும் ஏனைய உற்றாரும் குழந்தைக்கு முன் நின்று, தாய், தந்தை, மாமன், சந்திரன், விலங்கு, பறவை என்று ஒவ்வொன்றையும் விரலால் சுட்டிக்காட்டிப் பெயர் சொல்கின்றனர். இங்கே ஏவலும் இல்லை, செயலும் இல்லை. மீண்டும் மீண்டும் காட்டக் காட்ட, இச்சொல்லுக்கு இப்பொருள் என்ற உறவு குழந்தையின் நெஞ்சில் பதிகிறது. உள்ள பொருளை உள்ளபடி சொல்லும் ஆற்றல் சொல்லுக்கு உண்டு என்பது இதனால் நிலைபெறுகிறது.

இன்னும் ஒரு சான்றையும் அவர் காட்டியருளுகிறார். தேவதத்தன் என்பவனுக்கு அவன் தந்தை நலமாயிருக்கும் செய்தியைத் தெரிவிக்குமாறு ஒருவன் சைகையால் மற்றொருவனை அனுப்புகிறான். சென்றவன் அச்செய்தியைச் சொற்களால் சொல்கிறான். சைகையின் கருத்தை முன்னரே அறிந்தவனாய் உடன் சென்று கேட்கும் மூன்றாமவன், அச்சொற்களின் பொருளைக் கற்றுக்கொள்கிறான். இதிலும் ஏவல் தொடர் இல்லை; உள்ள செய்தி ஒன்றே உண்டு. தந்தை நலமாயிருக்கிறார் என்ற செய்தியை எடுத்துக்காட்டாகத் தேர்ந்தது எத்துணைப் பொருத்தம்! வேதாந்தம் ஜீவனுக்குச் சொல்லும் செய்தியும் ஏறக்குறைய அதுவேயன்றோ?

திருக்கோயில் மொழி

மொழி ஒரு முழுமை என்ற உண்மையை நூல்களில் மட்டுமின்றித் திருக்கோயிலின் அன்றாட வழக்கிலும் காணலாம். ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்திற்கென்றே ஒரு பரிபாஷை உண்டு. அதன் சொற்கள் பெரும்பாலும் எல்லோரும் அறிந்த தமிழ்ச் சொற்களே. ஆயினும் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தனியொரு மொழியாக நிற்கின்றன.

'அருளுதல்' என்ற வினையை முதலில் நோக்குக. தனிவினையாக நின்றால் கிருபை செய்தல் என்பது அதன் பொருள். திருக்கோயில் வழக்கில் அது துணைவினையாகி எம்பெருமானுடைய எல்லாச் செயல்களோடும் ஒட்டி வருகிறது. அவன் எழுவது எழுந்தருளுதல், காண்பது கண்டருளுதல், உண்பது அமுது செய்தருளுதல், உறங்குவது கண்வளர்ந்தருளுதல். செயல் எதுவாயினும் அருளில் சென்றே முடிகிறது. எம்பெருமான் தனக்கென ஒன்றையும் செய்வதில்லை, அவன் செயல் யாவும் அடியார்க்கு அருளாகவே அமைகின்றன என்ற தத்துவத்தை ஒரு துணைவினை தாங்கி நிற்கிறது. இதனைச் சேவார்த்திகளுக்கு யாரும் பிரசங்கம் செய்து கற்பிப்பதில்லை. அவ்வழக்கில் பேசிப் பழகியவர் அறியாமலே அதனைக் கற்றுவிடுகின்றனர்.

'அமுது' என்ற சொல்லும் இத்தகையதே. எம்பெருமானுக்குச் சமர்ப்பிக்கப்படும் உணவு எதுவாயினும் அமுதாகிவிடுகிறது. காய்கறி கறியமுது, ரஸம் சாற்றமுது, பாயஸம் திருக்கண்ணமுது, பாக்கு அடைக்காயமுது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நெய்யமுது, தயிரமுது, கறியமுது, அடைக்காயமுது என்ற சொற்கள் மிகுதியாக வருகின்றன. சிவாலயக் கல்வெட்டுகளிலும் இவ்வழக்கு உண்டு. திருக்கோயில்களுக்கெல்லாம் பொதுவாயிருந்த இம்மொழியை ஸ்ரீவைஷ்ணவர்கள் தம் இல்லங்களிலும் கொண்டு போற்றினர். இல்லத்துச் சமையலும் தளிகையாயிற்று. எம்பெருமானுக்குச் சமர்ப்பித்ததையே உண்ணுதல் என்ற நெறி சொல்லிலேயே பதிந்தது.

'சேவித்தல்' என்ற சொல் இரண்டு செயல்களுக்கு உரியது. பெருமாளைக் காண்பதும் சேவித்தல். திருவாய்மொழியை ஓதுவதும் சேவித்தல். புறத்தார்க்கு இது வியப்பாயிருக்கலாம். காணும் கண்ணும் ஓதும் நாவும் செய்வது கைங்கர்யம் ஒன்றே என்று கருதுவோர்க்கு இரண்டு செயலுக்கு ஒரு சொல் போதுமானது.

'திருவடி' என்றால் எம்பெருமானுடைய பாதம் என்பது யாவரும் அறிவர். பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களிலோ அச்சொல் அனுமனையும் குறிக்கும். பெரிய திருவடி என்றால் கருடாழ்வார். அவ்வாறே 'பெருமாள்' என்பது இராமபிரானைக் குறிக்கும் இடங்கள் பல, 'இளையபெருமாள்' இலக்குவன். 'கோயில்' என்று வாளா சொன்னால் திருவரங்கம். 'திருமலை' என்றால் திருவேங்கடம். 'பெருமாள் கோயில்' என்றால் காஞ்சி. இவற்றை அறியாமல் ஈட்டைக் கையில் எடுப்பவர் தமிழ் அறிந்திருந்தும் திகைப்பர். சொற்களை அறிவது வேறு. மொழியை அறிவது வேறு.

எல்லாவற்றினும் சிறந்த சான்று 'ஸ்ரீசடகோபம்'. சேவார்த்திகளின் முடிமீது சாற்றப்படுவதும், எம்பெருமானின் திருவடிகள் பொறிக்கப்பெற்றதுமான அதற்குச் சடகோபம் என்ற பெயர் ஏன்? சடகோபன் என்பது நம்மாழ்வாரின் திருநாமம். எம்பெருமானின் திருவடியாகவே ஆழ்வாரைக் கொள்வது ஸம்ப்ரதாயம். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் திருவடிநிலைக்கு 'ஸ்ரீராமாநுஜம்' என்று பெயர். எம்பெருமானாரின் திருவடிநிலைக்கு 'முதலியாண்டான்' என்று பெயர். ஒரு சொல்லைப் பற்றி இழுத்தால் எம்பெருமான், ஆழ்வார், எம்பெருமானார், அவர்தம் சீடர் என்று குருபரம்பரை முழுவதும் உடன் வருகிறது. தேர்வடத்தின் ஒரு முனையைத் தொட்டவர் தேரையே தொட்டவராகிறார் அன்றோ?

'அடியேன்' என்ற சொல்லும் தனித்து வாழாது. 'நான்' என்ற இடத்தில் அது வந்து அமர்ந்தவுடன், எதிரே நிற்பவரைக் குறிக்கும் 'நீர்' என்பது 'ஸ்வாமி' என்றும் 'தேவரீர்' என்றும் மாறுகிறது. அடியேன் என்பார்க்கு எதிரே உடையவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுதல் இயலாது.

ஒரே திருநாமமும் பல பொருளும்

ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் 'விஷ்ணு' என்ற திருநாமம் மூன்று இடங்களில் வருகிறது. இவ்வாறு மீண்டும் வரும் திருநாமங்கள் வேறு சிலவும் உண்டு. ஆயிரம் என்ற எண்ணை நிரப்புவதற்காகச் சொன்னதையே திரும்பச் சொன்னார்களோ என்ற ஐயம் எழலாம். கூரத்தாழ்வானின் திருக்குமாரரான பராசர பட்டர், பகவத்குணதர்ப்பணம் என்னும் தம் உரையில் இதற்கு விடை காட்டியருளினார். திருநாமங்கள் சிதறிக் கிடக்கும் மலர்களல்ல. பரத்வம், வ்யூஹம், விபவம் என்று ஒரு முறையில் தொடுக்கப்பெற்ற மாலை. ஆதலின் ஒரே திருநாமம் வெவ்வேறு இடத்தில் வரும்போது, முன்னும் பின்னும் நிற்கும் திருநாமங்களோடு இயைந்து வெவ்வேறு குணத்தைத் தெரிவிக்கிறது. சொல் ஒன்றாயினும் கூறியது கூறல் ஆகாது.

வடமொழித் திருநாமங்கள் தமிழுக்குள் எழுந்தருளிய விதமும் எண்ணத்தக்கது. திருவாய்மொழியில் 100 பதிகங்கள் உள்ளன. அவற்றுள் 99 பதிகங்கள் 11 பாசுரங்களை உடையவை. இரண்டாம் பத்தின் ஏழாம் பதிகம் மட்டும் கேசவன் முதல் தாமோதரன் வரையுள்ள 12 திருநாமங்களைப் பாடி, பயன் சொல்லும் பாசுரத்தோடு 13 ஆயிற்று. ஆகவே திருவாய்மொழிப் பாசுரங்கள் 1102. அப்பதிகத்தில் நாராயணன் நாரணன் ஆகிறான். விஷ்ணு விட்டு ஆகிறான். ஹ்ருஷீகேசன் இருடீகேசன் ஆகிறான். பத்மநாபன் பற்பநாபன் ஆகிறான். வடசொல் தமிழில் புகும்போது தமிழெழுத்துக்கு இயைந்து வரவேண்டும் என்ற இலக்கண விதிக்கு, திருநாமங்களும் கட்டுப்பட்டன. புறத்திலிருந்து வரும் சொல்லும் மொழியின் மெய்யில் ஓர் உறுப்பாகப் பொருந்திய பின்னரே அங்கு வாழத் தொடங்குகிறது.

திருவாய்மொழி அந்தாதியாக அமைந்தது என்பது யாவரும் அறிந்ததே. ஒரு பாசுரத்தின் முடிவில் நின்ற சொல் அடுத்த பாசுரத்தின் தொடக்கமாகிறது. முடிவில் நின்றபோது அது ஒரு கருத்தை நிறைவு செய்கிறது. தொடக்கத்தில் நின்றபோது புதிய கருத்தைத் திறக்கிறது. 1102 பாசுரங்களும் இவ்வாறு தொடர்ந்து, இறுதிப் பாசுரம் முதற்பாசுரத்தோடு மீண்டும் கைகோக்கிறது. எங்கும் முறிவற்ற ஒரு வட்டம் அது. ஒரு பாசுரத்தை எடுத்தால் வட்டம் அறுந்துவிடும்.

மறைந்து நிற்கும் உருபு

சொல்லப்பட்ட சொற்கள் மட்டுமின்றி, சொல்லப்படாத சொற்களும் மொழியில் பொருள் தருவன. 'கரும்பு வேலி' என்றால் கரும்புக்கு வேலி என்று கொள்கிறோமன்றிக் கரும்பாலாகிய வேலி என்று கொள்வதில்லை. 'கு' என்ற நான்காம் வேற்றுமை உருபு அங்கே தொக்கு நிற்கிறது. காதில் விழாத அவ்வுருபைக் கேட்பவர் அறிவது எவ்வாறு? மொழி முழுவதும் அவருக்குள் இருப்பதால் அறிகிறார்.

பிள்ளைலோகாசார்யர் அருளிச்செய்த முமுக்ஷுப்படியிலும் ஏனைய ரஹஸ்ய நூல்களிலும் திருமந்திரத்தின் பொருள் விரித்துரைக்கப்படுகிறது. திருமந்திரம் மூன்று பதங்களை உடையது. முதற்பதமாகிய ப்ரணவம் அகாரம், உகாரம், மகாரம் என மூன்றாகப் பிரியும். அகாரம் எம்பெருமானைச் சொல்லும். மகாரம் ஜீவனைச் சொல்லும். இடையில் நிற்கும் உகாரம், பிறருக்கு அல்லாமல் அவனுக்கே என்ற தேற்றத்தைச் சொல்லும். அகாரத்தின் மீது ஒரு நான்காம் வேற்றுமை உருபு ஏறி மறைந்து நிற்கிறது என்பர் ஆசார்யர்கள். அதனாலேயே 'ஜீவன் எம்பெருமானுக்கே உரியவன்' என்ற பொருள் கிடைக்கிறது. மறைந்த உருபு அங்கே உண்டு என்பதற்கு, அதே மந்திரத்தின் இறுதிப் பதமாகிய நாராயண பதத்தில் அந்த வேற்றுமை உருபு வெளிப்படையாக நிற்பது துணை செய்கிறது. முதற்பதத்தில் சுருங்கியதை ஏனைய பதங்கள் விரித்துக் காட்டுகின்றன.

ஜீவனின் ஸ்வரூபமே ஒரு வேற்றுமை உருபில் அடங்கிவிட்டது! அவ்வுருபு இல்லையேல் இரண்டு பெயர்கள் அருகருகே கிடக்குமேயன்றி, இன்னார்க்கு இன்னார் என்ற உறவு தோன்றாது. பெயர்கள் பொருளைச் சொல்லும். உருபுகளே உறவைச் சொல்லும். இதன் விரிவு ஆசார்யன் திருமுகமாகக் கேட்டறியத்தக்கது.

எல்லாச் சொற்களும் சென்று சேரும் இடம்

சொல்லைப் பற்றிய ஆராய்ச்சியின் சிகரமாக எம்பெருமானார் காட்டியருளிய உண்மை ஒன்று உண்டு. 'இம்மனிதன் அறிவுடையவன்' என்று உலகில் சொல்கிறோம். மனிதன் என்ற சொல் கைகால் உடைய ஒரு சரீர வகையைக் குறிப்பது. அறிவோ சரீரத்திற்குரியதன்று, அதனுள் நிற்கும் ஆத்மாவிற்குரியது. ஆகவே மனிதன் என்ற சொல் சரீரத்தோடு நின்றுவிடாமல், சரீரத்தைத் தாங்கும் ஆத்மா வரை செல்கிறது. சரீரம் ஆத்மாவைப் பிரிந்து தனித்திருக்க இயலாதது. ஆதலால் சரீரத்தைச் சொல்லும் சொல்லும் அவ்வாத்மாவில் சென்றே நிறைவடைகிறது.

இதே முறையில், சித்தும் அசித்துமாகிய உலகனைத்தும் எம்பெருமானுக்குச் சரீரம் என்று அந்தர்யாமி ப்ராஹ்மணம் முதலியவை கூறுவதால், எப்பொருளைச் சொல்லும் சொல்லும் அப்பொருளோடு நில்லாமல் அதனுள் உயிராய் நிற்கும் பரமாத்மா வரை சென்று முடியும். வேதார்த்த ஸங்க்ரஹத்திலும் ஸ்ரீபாஷ்யத்திலும் எம்பெருமானார் இதனை நிலைநாட்டினார். இடையில் நின்றுவிடாத இச்சொல்லாற்றலை அபர்யவஸான வ்ருத்தி என்பர். மரம் என்ற சொல் மரத்தைக் குறிப்பது பொய் என்பது இதன் கருத்தன்று. மரத்தைக் குறிப்பதும் உண்மை. அவ்வளவோடு அது முடியவில்லை என்பதும் உண்மை.

சொல்லுக்கும் மொழிக்கும் உள்ள உறவும் இதனால் விளங்குகிறது. உறுப்பு உடலைச் சார்ந்து நிற்பது போலச் சொல் மொழியைச் சார்ந்து நிற்கிறது. உயிர் நீங்கிய உடலில் கை என்பது பெயரளவில் கை. மொழியை விட்டு நீங்கிய சொல்லும் ஒலியளவில் மட்டுமே சொல்.

காக்கத்தக்க செல்வம்

இன்றைய நாளில் பல இல்லங்களில் சாற்றமுதும் திருக்கண்ணமுதும் முதியோர் நாவில் மட்டும் வழங்குகின்றன. ஒரு சொல் போனால் என்ன, அதே பொருளுக்கு வேறு சொல் உள்ளதே என்று கருதலாம். தனிச்சொல் போவதாயின் அக்கருத்து ஒருவாறு பொருந்தும். ஆனால் 'அமுது' போனால், சமர்ப்பித்து உண்ணும் எண்ணம் தளரும். அவ்வெண்ணம் தளர்ந்தால் 'தளிகை' என்ற சொல்லுக்கு இடமில்லை. 'அடியேன்' போனால் 'ஸ்வாமி' என்பது வெற்று விளியாகும். ஒரு முட்டுக்கட்டை இல்லாமற்போனால் தேர் முழுவதும் நிலைதடுமாறுவது போன்றது இது.

ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் ஓர் இராஜகுமாரனின் கதையை எடுத்துக்காட்டாக அருளியுள்ளார். விளையாட்டில் ஈடுபட்டு அரண்மனையை விட்டு வெளியேறிய சிறுவன் வழி தவறுகிறான். மகனை இழந்தேன் என்று அரசன் வருந்துகிறான். நல்லந்தணர் ஒருவர் சிறுவன் யாரென்று அறியாமலே அவனை வளர்த்துக் கல்வி அளிக்கிறார். பதினாறு வயது நிரம்பிய நிலையில், நம்பத்தகுந்த ஒருவர் வந்து, அவன் தந்தை அந்நாட்டை ஆளும் பேரரசர் என்றும், இழந்த மகனைக் காணும் ஆவலோடு காத்திருக்கிறார் என்றும் சொல்கிறார். கேட்ட அளவிலே அவனுக்கு அளவற்ற மகிழ்ச்சி உண்டாகிறது. எதைச் செய்க என்றும் அவனுக்கு யாரும் ஏவவில்லை. உள்ளதைச் சொன்ன சில சொற்களே அவன் வாழ்வை மாற்றின.

இக்கதையில் அந்த அந்தணர் செய்த உபகாரத்தையும் மறத்தலாகாது. அவன் தந்தையை அவர் அறியார். ஆயினும் மொழியும் கல்வியும் அளித்து வைத்தார். அதனாலேயே செய்தி வந்தபோது அதனை உணரும் தகுதி அவனுக்கு இருந்தது. வீட்டில் குழந்தைக்கு முன் நின்று, பெருமாள், பிராட்டி, திருத்துழாய், தீர்த்தம் என்று விரல் சுட்டிச் சொல்லும் தாயும் பாட்டியும் செய்யும் பணி அதுவே. சொன்ன அன்றே குழந்தைக்குப் பொருள் முழுதும் விளங்காது. விளங்க வேண்டிய நாளில் சொற்கள் ஆயத்தமாயிருக்கும்.

திருநாளுக்கு வந்த அன்பர்கள் ஊர் திரும்பும்போது ப்ரஸாதத்தோடு இச்சொற்களையும் உடன் கொண்டு செல்வார்களாக. ப்ரஸாதம் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். இல்லத்தில் வழங்கும் சொல்லோ தலைமுறைகளுக்கும் தீராது. தந்தை காத்திருக்கிறார் என்ற செய்தியை அது சுமந்துகொண்டே இருக்கும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.